குற்றம் எவர்பால்?

வெளிநாட்டிலிருந்து மகன் கைப்பேசியில் அழைக்கும்போதெல்லாம் என் ராத்தா தவறாமல் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "படிக்காதவ கையில இதக் குடுத்தா இப்படித்தான் தம்பி." பச்சை வட்டத்தை அழுத்துகிறார், மணி நிற்கவில்லை. அதனை அழுத்தலாகாது, மேல்நோக்கித் தள்ளவேண்டும் என்பதை அக்கருவி அவர் அறிந்த மொழியில் அறிவிக்கவில்லை. அழைப்பு அற்றுப்போகிறது. பழியை அவர் தம்மீதே சுமத்திக்கொள்கிறார். இல்லந்தோறும் கேட்கும் இப்பேச்சுக்கு மறுமொழியாக அமைந்த நூலொன்றை ஈண்டு ஆராய விழைகிறேன்.

டொனால்ட் நார்மன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் எழுதிய அந்நூல், 1988ஆம் ஆண்டு 'அன்றாடப் பொருள்களின் உளவியல்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் வெளிவந்தது. பின்னர் 'அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு' எனப் பெயர் மாறி, 2013இல் திருத்திய பதிப்பும் கண்டது. நூலின் மையக் கருத்து எளியது. ஒரு பொருளைக் கையாளத் தெரியாமல் பலரும் தடுமாறுவாராயின், குற்றம் அவர்பால் இல்லை. அதனை வடிவமைத்தவர்பாலே உள்ளது என்பதே அது.

இதற்கு அவர் காட்டும் சான்றுகள் நாம் அறிந்தவையே. கதவில் தட்டையான தகடு இருந்தால் கை தானே தள்ளும். பிடி இருந்தால் இழுக்கும். தள்ளவேண்டிய கதவில் பிடியைப் பொருத்திவிட்டு, 'தள்ளுக' என எழுதி ஒட்டுவது ஆக்கியோனின் தோல்வியே. நான்கு எரிமுகங்கள் சதுரமாக அமைந்த அடுப்பில், திருகுகளை ஒரே வரிசையில் வைத்தால் எது எதற்குரியது என்று எவருக்கு விளங்கும்? சமையற்கட்டில் நாள்தோறும் நிற்கும் பெண்கள் இதற்குச் சாட்சி.

இது சிறு தொல்லையோடு முடிவதுமன்று. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் பெருவிபத்து நேர்ந்தது. அங்கே மூடவேண்டிய அடைப்பிதழ் ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. ஆயினும் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, மூடுமாறு ஆணை சென்றதை மட்டுமே காட்டிற்று. அடைப்பிதழின் உண்மை நிலையைக் காட்டவில்லை. கற்றுத் தேர்ந்த பணியாளரே ஏமாந்தனர். அவ்விபத்தை ஆராய அழைக்கப்பட்டவர்களுள் நார்மனும் ஒருவர்.

நூலின் இக்கருத்து எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அரபு எழுத்து தொடக்கத்தில் உயிர்க்குறிகள் இன்றியே எழுதப்பட்டது. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் பெருகியபோது ஓதுவதில் பிழைகள் நேர்ந்தன. அன்றைய அறிஞர்கள் ஓதியவரைப் பழித்து அமைந்துவிடவில்லை, எழுத்துக்கே குறியிட்டனர். அபுல் அஸ்வத் புள்ளிகளால் தொடங்கினார் என்பதும், இன்றுள்ள ஹரக்கத்து வடிவங்களைக் கலீல் இப்னு அஹ்மத் அமைத்தார் என்பதும் மரபு. தமிழிலும், ஓலையில் ஒரே வடிவில் நின்ற எகர ஏகாரங்களை வேறுபடுத்திக் காட்டிய சிறப்பு வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது.

அறிவு தலைக்குள்ளும் இருக்கலாம், கண்முன் பொருளிலும் இருக்கலாம் என்று நார்மன் பகுத்துக் காட்டும் பகுதி நூலின் மகுடம். பாலர் கையிலுள்ள ஏட்டில் ஹரக்கத்து நிறைந்திருக்கும். ஆலிம்கள் வாசிக்கும் கிதாபில் அஃது இராது. முன்னதில் அறிவு தாளில் உள்ளது. பின்னதில் வாசிப்பவர் நெஞ்சில் உள்ளது. இன்றைய கருவிகளின் பெருங்குறை, பாலர்க்குரிய ஏட்டிலிருந்து ஹரக்கத்தை நீக்கிவிட்டு, அதனை அழகு என்று போற்றுவதேயாகும்.

நூலில் குறைகளும் உள. நம் இலக்கணத்தார் வகுத்த நூற்குற்றங்களுள் 'கூறியது கூறல்' இதில் மிகுதி. அதனினும் பெரிது மற்றொன்று. குறி என்பது கற்றுக்கொண்டவர்க்கே குறியாகும். மன்திக் கலையில் 'தால்' எனப்படும் குறிக்கும் 'மத்லூல்' எனப்படும் பொருளுக்கும் இடையே, இவ்விரண்டின் தொடர்பை அறிந்த ஒருவர் வேண்டும் எனப் பயில்கிறோம். வழக்கத்தாலும் பண்பாட்டாலும் குறிகள் பொருள்பெறுவதை நார்மன் கூறாமலில்லை. எனினும் அதற்குத் தக்க இடம் அளித்தாரில்லை. மூன்று கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டால் 'பட்டியல்' என எவர் உணர்வார்? முன்பே அறிந்தவர் உணர்வார். என் ராத்தாவுக்கு அவை வெறும் கோடுகளே.

ஆயினும் நார்மன் கொண்ட கொள்கையில் வழுவாதவர். தாம் முன்னர்ப் பணியாற்றிய ஆப்பிள் நிறுவனத்தையே 2015இல் புரூஸ் டொக்னசினியுடன் இணைந்து கண்டித்து எழுதினார். கண்ணுக்குப் புலனாகாத விரலசைவுகளையும், படிக்கவியலாத மெல்லெழுத்துகளையும் அவர்கள் குறை கூறினர். நன்றி மறவாமையும் நேர்மையும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் நேர்மையைத் தெரிந்துகொள்வது எளிதன்று.

இந்நூலைப் படிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். முதியோர்க்கெனக் கருவி வாங்கச் சென்றால், முதலில் அதனை அவர் கையிலேயே கொடுத்து, வாய்திறவாது சிறிது நேரம் பார்த்திருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே அக்கருவியின் குறை உள்ளது. சென்ற வாரம் ராத்தாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, நான் மக்குன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். அத்தனை ஆண்டுகளாக அவர் அவ்வாறு நினைத்திருந்ததை, அருகிலிருந்த நாங்களும் மறுத்ததில்லை.