ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு

1972 ஜூன் மாதம் அமெரிக்காவில் ‘டைட்டில் நைன்’ சட்டம் நிறைவேறியபோது, அந்நாட்டுக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே தலைமைப் பயிற்சியாளர்கள். மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாடு காட்டி எவரையும் விலக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம். மைதானத்தில் அதன் பலன் கண்கூடு: அப்போது முப்பதாயிரம் அளவில் இருந்த கல்லூரி வீராங்கனைகள் இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பயிற்சியாளர் நாற்காலியின் கதையோ நேர்மாறு. விவியன் அகோஸ்டாவும் லிண்டா கார்பென்டரும் 1977 முதல் எடுத்துவந்த கணக்கு 2014இல் முடிந்தபோது, பெண்கள் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் பெண்கள் 43 சதவீதம்தான். பெண்களுக்காக வந்த சட்டம் பெண் பயிற்சியாளர்களின் பங்கைப் பாதிக்கும் கீழே இறக்கியது எப்படி?

சட்டத்தின் பலனாகப் பணம் வரும்வரை பெண்கள் அணிப் பயிற்சி ஆண்கள் அதிகம் ஆசைப்படாத வேலை. 1974இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை ஏற்ற பாட் சம்மிட்டுக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் அவரேதான். சட்டம் பணத்தைக் கொண்டுவந்தது. பணத்தின் பின்னே விண்ணப்பங்கள் வந்தன. கூடவே நிர்வாகமும் கைமாறியது. தனியே இயங்கிய பெண்கள் உடற்கல்வித் துறைகள் ஆண்களின் விளையாட்டுத் துறைகளோடு இணைக்கப்பட்டன. பெரும்பாலும் ஆண் இயக்குநரே ஒன்றான துறைக்குத் தலைவரானார். பெண்கள் விளையாட்டைப் பெண்களே நடத்திவந்த சங்கமும் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அணிகள் பெருகியதால் பெண் பயிற்சியாளர்களின் எண்ணிக்கை உயர்ந்துதான் இருக்கிறது, விகிதத்தை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆனால் புதிதாகப் போடப்பட்ட நாற்காலிகளில் பெரும்பகுதி யாருக்குப் போயிற்று என்பதைத்தான் விகிதம் காட்டுகிறது.

நியமனம் நடக்கும் முறையில் இதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நம் ஊர்க் கல்லூரிகளின் ஆண்டு விளையாட்டு விழாவோடு ஒப்பிட முடியாது. தொலைக்காட்சி உரிமை, டிக்கெட் விற்பனை, பழைய மாணவர் நன்கொடை என்று புரளும் வணிகம் அது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு. ஒருவர் விலகினால் இடத்தை உடனே நிரப்பியாக வேண்டும். தாமதித்தால் அணியில் சேர ஒப்புக்கொண்ட மாணவர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஆகவே இயக்குநர் தமக்குத் தெரிந்தவர்களிடம் தொலைபேசியில் விசாரிக்கிறார். விளம்பரம் வெளிவரும்போது பல இடங்களில் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டிருக்கும். இந்த வழக்கத்தை வெறும் சதி என்று தள்ளிவிட முடியாது. பளபளப்பான விண்ணப்பத்தைவிட, கூட வேலை செய்தவர் சொல்லும் ஒரு வார்த்தை பல நேரம் நம்பத் தகுந்தது. அணி ஜெயித்ததா தோற்றதா என்பது ஊரறிந்த கணக்கு என்பதால், உருப்படாத ஆளைச் சிபாரிசில் நுழைத்தாலும் அவர் அதிக நாள் தாங்க மாட்டார்.

ஆனால் அந்தத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? உதவிப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்து பணியாற்றிய நாட்களிலிருந்து, மாநாட்டு விடுதிகளின் மாலை உரையாடல்களிலிருந்து, பெரும்பாலும் ஆண்கள் அணிகளைச் சுற்றி வளர்ந்த பழக்கத்திலிருந்து. அந்த வட்டத்துக்குள் பெண் நுழையும் வழி மிகக் குறுகியது. ஆண்கள் அணிகளுக்குத் தலைமை ஏற்கும் பெண்கள் நூற்றுக்கு ஒரு சிலரே. அதிலும் பெரும்பகுதி ஓட்டம், நீச்சல் போன்று இரு பாலாரும் சேர்ந்து பயிலும் விளையாட்டுகள். பெண்கள் அணிக்கு ஆணை நியமிக்கும்போது, பாலைப் பார்க்கவில்லை, திறமையைத்தான் பார்த்தோம் என்கிறார்கள். அது உண்மையான கொள்கையானால் ஆண்கள் அணி நியமனத்திலும் அதன் சுவடு தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆணுக்கு இரண்டு சந்தைகளும் திறந்திருக்க, பெண்ணுக்கு ஒரு சந்தையின் பாதிக்கும் குறைவான பங்கே கிடைக்கிறது.

இந்த ஒருவழிக் கதவு சம்பளத்தையும் எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு மரியான் ஸ்டான்லி வழக்கு நல்ல சான்று. ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தபின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வந்தவர் அவர். 1993இல், அங்கே ஆண்கள் அணியின் பயிற்சியாளராயிருந்த ஜார்ஜ் ராவெலிங்குக்கு இணையான ஊதியம் கேட்டார். பேச்சுவார்த்தை முறிந்து வேலையை இழந்தார். வழக்கு 1999 வரை இழுத்தது. ராவெலிங்குக்கு அனுபவம் அதிகம், வருவாய் ஈட்டும் பொறுப்பும் விளம்பரத் திறனும் அதிகம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால் வருவாய் கொழிக்கும் ஆண்கள் அணியில் அனுபவம் பெறும் வாய்ப்பே பெண்ணுக்கு இல்லாதபோது, அந்த அனுபவத்தை அளவுகோலாக்குவது பாகுபாட்டுக்குத் தகுதி என்று பெயர் சூட்டும் வேலை.

தலைகளை எண்ணினால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடாது என்பதற்கும் வழக்குகள் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் பெண்கள் பனி ஹாக்கி அணிக்கு ஐந்து தேசியப் பட்டங்களை ஈட்டித் தந்த ஷானன் மில்லரின் ஒப்பந்தத்தை 2014இல் நிர்வாகம் புதுப்பிக்க மறுத்தது. செலவைத் தாங்க முடியவில்லை என்பது அது சொன்ன காரணம். அதே வளாகத்தின் ஆண்கள் அணி அதுவரை வென்றிருந்தது ஒரே பட்டம். மில்லரின் இடத்துக்கு வந்தவரும் பெண்தான். ஆகவே புள்ளிவிவரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்றாலும் 2018இல் ஜூரி பாகுபாடு நடந்ததாக முடிவுசெய்து 37 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் ஹாக்கிப் பயிற்சியாளர் டிரேசி கிரீஸ்பாம், வீராங்கனைகளைக் கடுமையாகப் பேசுகிறார் என்ற புகாரையொட்டி அதே 2014இல் நீக்கப்பட்டார். விதிமீறல் எதையும் பல்கலைக்கழகத்தின் சொந்த விசாரணையே உறுதிசெய்திருக்கவில்லை. அவரும் அங்கே துணை இயக்குநராயிருந்த ஜேன் மேயரும் தொடுத்த வழக்குகள் 2017இல் 65 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தன. கோட்டோரம் நின்று கத்தும் ஆணைக் கண்டிப்பானவர் என்கிறோம். பெண் கத்தினால் அதற்குப் பெயர் வேறு. நியமனம் நேர்மையாக நடந்தாலும், அதன்பின் வரும் மதிப்பீட்டில் அளவுகோல் மாறிவிட இடமிருக்கிறது.

பெண்கள் விண்ணப்பிப்பதில்லை என்பது இயக்குநர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. இரவும் வார இறுதியும் பயணத்தில் கழியும் வேலை, குழந்தைகள் பிறந்ததும் பலர் விலகுகிறார்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை. அப்பாவான பயிற்சியாளரை எவரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை என்பது மறுபாதி. முடிவு முன்பே ஆகிவிடும் இடத்துக்கு விண்ணப்பம் போடாமலிருப்பதை ஆர்வமின்மை என்று எழுதிக்கொள்வதும் சரியான கணக்கல்ல. இன்னொரு மறுப்பு கனமானது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை 1985 முதல் நடத்திவரும் ஜீனோ ஆரியம்மா பன்னிரண்டு தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்திருக்கிறார்; அவரிடம் பயின்ற வீராங்கனைகளுக்கு அதனால் என்ன நட்டம் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நட்டம் இல்லைதான். நோட்டர் டாம் பயிற்சியாளர் மஃபெட் மெக்ரா 2019இல், இனித் தம் குழுவில் ஆண்களை நியமிக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னபோது எனக்கும் தயக்கமே எழுந்தது. அந்த நாட்டுச் சட்டம் பாலைப் பார்த்து வேலை தருவதை எந்தத் திசையிலும் எளிதில் ஏற்பதில்லை. தவிர, பெண் தலைமை மட்டுமே தீங்கைத் தடுத்துவிடாது: பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஒருபாலீர்ப்புள்ள வீராங்கனைகளுக்கு இடமில்லை என்று ஆண்டுக்கணக்கில் விதி வைத்திருந்த ரெனே போர்ட்லேண்டும் ஒரு பெண்தான். ஆனால் ஆரியம்மாவின் வெற்றி, ஓர் ஆண் பெண்கள் அணியைத் திறமையாக நடத்த முடியும் என்பதற்குச் சான்று. திரும்பும் வழி அடைபட்டிருப்பதை அது நியாயப்படுத்தாது.

வெஸ்ட் கோஸ்ட் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு 2020இல் கொண்டுவந்த ‘ரசல் விதி’, தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கான இறுதிப் பட்டியலில் வாய்ப்பு மறுக்கப்பட்டு வந்த பிரிவினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது. ஒதுக்கீடு கேட்காமல் தொலைபேசிப் பட்டியலை விரிக்கச் சொல்வதால் சட்டச் சிக்கல் குறைவு. நேர்காணலைச் சடங்காக நடத்திவிட்டுப் பழைய ஆளையே எடுக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. அதைவிட அவசரமாக ஆண்கள் அணிகளின் உதவிப் பயிற்சியாளர் பதவிகளைத் திறக்க வேண்டும், ஏனெனில் அனுபவமும் அறிமுகமும் விளைவது அங்கேதான். கென்டக்கி ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ரிக் பிட்டினோ 1990இலேயே பெர்னடெட் மேடாக்ஸை உதவிப் பயிற்சியாளராக எடுத்தார். முதல்நிலைக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். 1995இல் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது, அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு.