பரலோகத்தில் படம் வரையலாமா?

க்ரெய்க் தாம்ஸனின் ‘ப்ளாங்கெட்ஸ்’ 2003-இல் வந்த காமிக்ஸ் தன்வரலாறு. கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட 600 பக்கம். விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர், பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பம், தம்பியோடு பங்குபோட்ட ஒரே கட்டில், ரெய்னாமேல் முதல் காதல். இத்தனைக்கும் நடுவில் மெல்லக் கழன்றுபோகும் விசுவாசம்.

பனி கொட்டும் ஊர்தான். ஆனால் தாம்பரத்துக்காரனான எனக்கு அது அந்நியமில்லை. சேலையூர் பக்கம் ஞாயித்துக்கிழமை காலையில் நடந்தால் மொட்டைமாடி ஜெபக்கூடங்களிலிருந்து மைக் சத்தம் கேட்கும். மே மாசம் விபிஎஸ், மனப்பாட வசனத்துக்குப் பரிசு. சண்டே கிளாஸில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் ஒரு காட்சி மறக்காது. பரலோகத்தில் தேவனைப் பாடித் துதிப்போம் என்கிறார் டீச்சர். நான் படம் வரைந்து துதிக்கலாமா என்று கேட்கிறான் சிறுவன் க்ரெய்க். அவனுக்கு அங்கே கிடைப்பது அனுமதி இல்லை.

நாத்திகம் பேச நம்மிடம் மொழி இருக்கு. பெரியார் கொடுத்த தர்க்கம், கிண்டல், மேடை. ஆனா ஒருத்தனோட நம்பிக்கை வாதத்தில் தோற்காமல், வளர்ந்த பையனின் சட்டை மாதிரி பத்தாமல் போனால் அதை எந்த மொழியில் சொல்றது? விடியல் வெளியீடாகத் தமிழிலும் வந்த மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ நூலில், மாமா கொல்லப்பட்டதும் சிறுமி கடவுளை விரட்டிவிடுகிறாள். ஒரே அடி. தாம்ஸனிடம் அப்படி ஒரு நாளே கிடையாது. கடைசியில் தம்பியிடம் மட்டும் சொல்கிறான்: கடவுள் உண்டு, இயேசுவின் போதனையும் சரி, சபையும் கோட்பாடும்தான் வேண்டாம். அப்பா அம்மாவிடம் வாய் வரவில்லை.

குறையும் இருக்கு. ரெய்னாவின் வீட்டுச் சுமையை அக்கறையோடு வரையும் கை, அவளை மட்டும் தேவதையாக்கிவிடுகிறது. சபையிலிருந்து கழன்ற வழிபாடு அவள்மேல் போய் உட்காருகிறது. புத்தகத்துக்கே இது பாதிதான் தெரியும். அவளுக்கு என்ன ஆச்சுன்னு கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை.

தான் இனி கிறிஸ்தவன் இல்லை என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கவும்தான் இதை எழுதியதாக தாம்ஸன் சொல்லியிருக்கிறார். ‘இந்த வாரம் நான் சர்ச்சுக்கு வரலம்மா’ என்ற வாக்கியத்தை எத்தனையோ வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அதைக் கோபமில்லாமல், அம்மாவையும் காயப்படுத்தாமல் சொல்ல இவ்வளவு பக்கம் தேவைப்படத்தான் செய்யும். தமிழில் யாராவது வரைய வேண்டும்.