பொறு என்ற சொல்: வேட்டை எழுத்தும் நம் காத்திருப்பும்

வேட்டை இலக்கியம் என்று நமக்குப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எழுதியது. விலங்கைக் கலைத்து விட்டவனும், விளக்குப் பிடித்தவனும், தோலுரித்தவனும் எழுதியது நம்மிடம் இல்லை. அவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. துப்பாக்கிக்காரர் சொன்னால் அது நினைவலை. இவன் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம், வழக்குக்கு ஆதாரம். இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பிரதிகளை வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கோவையில் படிக்கிற தோழர் ஒருவர் கென்னத் ஆண்டர்சனின் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணா, நம்ம பக்கத்துக் காடெல்லாம் வருது, படிச்சுப் பாருங்க" என்றார். வருகிறதுதான். ஆண்டர்சன் (1910-1974) பெங்களூரில் வாழ்ந்தவர். 1954-இல் முதல் நூலை வெளியிட்டார். தாளவாடி, திம்பம் என்று பழைய கோயமுத்தூர் ஜில்லாவின் வடக்குக் காடுகள் அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரிடம் துப்பாக்கியும் காடும் கற்றவர் அவருடைய மகன் டொனால்ட். மகன் 2014-இல் இறந்தார். அவருடைய நினைவுகளை ஜோஷுவா மேத்யூ சேர்ந்து எழுதி 2018-இல் நூலாகக் கொண்டுவந்தார். 'கடைசி வெள்ளை வேட்டைக்காரன்' என்பது தலைப்பு. 'கடைசி' என்ற சொல்லில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டதே என்கிற ஏக்கம் வாசகனையும் தொற்றிக்கொள்ளும்.

அப்பன் பிள்ளையை மான் வேட்டைக்குக் கூட்டிப்போவது உலகம் முழுக்க உள்ள கதை. அமெரிக்காவில் அது ஒரு சடங்கு மாதிரி. பையன் நெளிவான், இருமுவான், கால் மரத்துப்போகும். அப்பன் கண்ணாலேயே அடக்குவார். மான் வரும், அல்லது வராது. பையன் பொறுமை கற்றுக்கொண்டு ஆம்பளையாக வீடு திரும்புவான். இந்தக் கதையாடலில் ஒரு மூன்றாவது ஆள் எப்போதும் இருக்கிறான். வில்லியம் ஃபாக்னர் 1942-இல் எழுதிய 'கோ டவுன், மோசஸ்' நூலில் வெள்ளைக்காரப் பையன் ஐசக்குக்கு முதல் மானை வேட்டையாடக் கற்றுக்கொடுப்பவன் சாம் ஃபாதர்ஸ். அவன் செவ்விந்தியத் தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவன். ஆண்டர்சனுக்குப் பைரா இருக்கிறான். பூசாரி என்ற பழங்குடியைச் சேர்ந்தவன். ஆண்டர்சனே அவனைக் களவு வேட்டைக்காரன் என்கிறார், காட்டைக் கற்றுக்கொடுத்தவன் என்றும் நன்றியோடு எழுதுகிறார். அந்த நன்றி உண்மையானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒரே காட்டில், ஒரே மானுக்காக உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் வேட்டைக்காரர், இன்னொருவன் திருடன் ஆனது எப்படி?

சட்டம் வந்தது, ஆனது. நீலகிரியில் வேட்டை விலங்குகளுக்கும் மீனுக்குமான பாதுகாப்புச் சட்டம் 1879-இல் வந்தது. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. லைசென்ஸ் எடுத்தவன் சுட்டால் விளையாட்டு. எடுக்காதவன் வயிற்றுக்குக் கண்ணி வைத்தால் குற்றம். பைராவின் பொறுமைக்குப் பெயர் பதுங்கல். துரையின் பொறுமைக்குப் பெயர் பண்பு.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு மான் வேட்டை இருக்கிறது.

எங்கள் ஊர் பவானிசாகருக்கு மேற்கே, மலையடிவாரம். கொங்குப் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம். கடலைக்காடு, சோளக்காடு என்றுதான் சொல்வோம். அந்தக் காட்டுக்குள் நிஜக் காட்டிலிருந்து ராத்திரியில் புள்ளிமான் இறங்கும். எங்கப்பன் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தார். கடலை கொடி பிடித்துவிட்டால் ராக்காவல் அவருக்குத்தான். எட்டு ஒன்பது வயசில் நானும் கம்பளியைச் சுத்திக்கொண்டு அவரோடு பரணில் ஏறிவிடுவேன். தகரத்தைத் தட்டி மானை ஓட்டுவது வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பத்து வருசம் ஆகியிருந்தது.

ஒரு ராத்திரி பண்ணையக்காரர் துப்பாக்கியோடு வந்தார். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கியது. "டேய், இன்னிக்குத் தகரத்தத் தொடாதே. பேட்டரி லைட்ட வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காரு. நாஞ் சொன்னா அடி" என்றார். எங்கப்பன் "செரீங் சாமி" என்றார். அன்றைக்குத்தான் நான் வேட்டைப் பொறுமையைக் கற்றது. கொசு மொய்க்கிறது, கை எடுக்கக் கூடாது. ஒண்ணுக்கு முட்டுகிறது, இறங்கக் கூடாது. அப்பன் என் தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். "பொறு கண்ணு, பொறு."

நிலா சாய்கிற நேரத்தில் வந்தன. நாலு உருப்படி. முன்னால் வந்த ஒன்று கொடியில் வாய் வைத்தது. பண்ணையக்காரர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அப்போது எங்கப்பன் இருமினார். ஒரே இருமல். நாலும் பறந்துவிட்டன.

கீழே இறங்கச் சொல்லி அறைந்தார். அப்பனைவிடப் பத்து வயசாவது சின்னவர் அவர். நான் பரணிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருசக் காவலுக்கான கூலி, மூட்டைக் கடலை, "பொறுடா, பாக்கலாம்" என்று தை மாசம் வரைக்கும் தள்ளி, அப்புறம் இல்லையென்றே ஆகிவிட்டது. பரணில் கேட்ட அதே சொல்தான்.

விடிய வீட்டுக்கு நடக்கும்போது "ஏம்ப்பா இருமுன?" என்று கேட்டேன். "முன்னால வந்தது செனை கண்ணு. வவுறு தொங்குச்சு பாத்தீல்ல? அதயக் கொல்லப்படாது" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கல்லூரியில் பெரியபுராணம் பாடமாக வந்தது. திண்ணன் என்கிற கண்ணப்பன் கதை. உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் பிள்ளைக்கு வில் கற்பித்து, தனக்கு வயதானதும் பொறுப்பை ஒப்படைத்து முதல் வேட்டைக்கு அனுப்புகிறான். அங்கே வேடர்களின் வேட்டை முறையைச் சேக்கிழார் சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது. யானைக் கன்றைத் தொடர மாட்டார்கள், குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள், கருவுற்று அடி தளர்ந்த பிணைமானை வருத்த மாட்டார்கள் என்பது அதன் பொருள். பேராசிரியர் ஓசைநயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பரணும் இருமலும் ஞாபகம் வந்து உட்கார முடியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசவையோடு நெருங்கியிருந்த ஒருவர் எழுதிவைத்த அறம், எழுதப் படிக்கத் தெரியாத எங்கப்பனிடம் இருந்திருக்கிறது. அவர் பெரியபுராணம் கேட்டவரல்ல. அந்த அறம் புராணத்திலிருந்து அவருக்கு வரவில்லை. வேட்டையாடிப் பிழைத்த சனங்களிடமிருந்து புராணத்துக்குப் போயிருக்கிறது என்று வாசிப்பதுதான் நியாயம்.

ஆனால் அந்தப் பிரதி அதோடு நிற்கவில்லை. திண்ணனின் காட்டறிவும் வேட்டை ஒழுக்கமும் அவனை நாயனாராக்கவில்லை. கண்ணைத் தோண்டிக் கொடுத்த பிறகுதான் அவன் கண்ணப்பன். வாயில் நீரும் கையில் இறைச்சியுமாக வந்தவனின் வழிபாடு சிவகோசரியாருக்குத் தீட்டு. அந்த வேடன் அன்பானவன் என்று கடவுளே கனவில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. விளிம்பில் இருப்பவனின் அறிவுக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் அவன் உறுப்பை அறுத்துக் காட்ட வேண்டும். பக்தி இலக்கியத்தின் மேன்மையைப் பேசுகிறவர்கள் இந்த விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) நமக்கு முக்கியமாகிறது. சத்தியமங்கலம் மலைக்கு மேலே கர்நாடக எல்லையில் வாழும் சோளகர்கள் மேல் வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் இரண்டு மாநில அதிரடிப்படைகளும் செய்த சித்திரவதையைச் சொல்லும் நாவல். இதே கொடுமைகளை விசாரிக்கத்தான் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. நாவல் வந்தபோது நாம் எழுதிய மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் பின்பாதியைப் பற்றியவை. முகாம், மின்சாரம், பெண்களின் உடல். நானும் அப்படித்தான் பேசினேன். முன்பாதியை இயற்கை வருணனை என்று தாண்டிப் போனோம். காட்டோடு பிழைப்பதும் விதைப்பதும் நிலம் பறிபோவதும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. என்ன அழிக்கப்பட்டது என்று தெரியாமல் அழிவைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறை வாசிப்பு. பாதிக்கப்பட்டவன் என்ற ஒரே அடையாளத்தில் ஒரு சனத்தை அடைத்துவிடுவதும் ஒரு வன்முறைதான். இது நம் பக்கத்துத் தவறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எல்லாம் 'தேடுதல் வேட்டை' என்றே எழுதின. இன்றைக்கும் எழுதுகின்றன. மானுக்கு இருந்த சொல் மனிதனுக்கு வந்துவிட்டது. செனையைத் தொடாதே, குட்டியைக் கொல்லாதே என்ற வேடனின் அறம் மட்டும் அந்தச் சொல்லோடு கூடவரவில்லை. தர்மபுரி பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 செப்டம்பர் ஆனது. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருசம். பொறுமையைப் பற்றி யாராவது நமக்குப் பாடம் எடுக்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மான் வேட்டையைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மான் பிழைக்கட்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்கூடப் பழங்குடிகளின் மரபுரிமைகளை ஒப்புக்கொள்ளும்போது வேட்டையை விலக்கித்தான் வைத்திருக்கிறது. இருக்கட்டும். என் கேள்வி எழுத்தைப் பற்றியது. இன்று எல்லாருக்கும் ஒரே தடை. ஆனால் நினைவுக்கு ஒரே விதி இல்லை. ஆண்டர்சன் மகன் அப்பனோடு வேட்டைக்குப் போனதை அட்டைப்படத்தோடு விற்கலாம். தாளவாடி மலையில் ஒரு சோளகர் தன் பேரனிடம், "நானும் எங்கப்பனும் மானுக்குக் காத்திருந்தோம்" என்று சொல்வதற்கு முன்னால் வாசலை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். நம் தெருவிலும் அதே கதிதான். முயலுக்கு வலை கட்டியது, எலி வளையில் புகை போட்டது, உடும்பு பிடித்தது எல்லாம் கூச்சத்தில் புதைந்து கிடக்கிறது. "சக்கிலிப் பசங்க எலி திங்கறவங்க" என்று ஏசியதைக் கேட்டுக் கேட்டு, வளையின் எந்த வாசலை அடைக்க வேண்டும், எதைத் திறந்து விட வேண்டும், எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்ற அறிவையே நாம் மறைத்துவிட்டோம். படித்த நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கப்பனும் போய்விட்டார்.

நம் தன்வரலாறுகளில் பட்ட அடிகள் நிறைய இருக்கின்றன. அவை வேண்டும். அந்த அறை எப்படி விழுந்தது என்று நான் இருபது வருசம் மேடையில் பேசியிருக்கிறேன். இருமலை இப்போதுதான் எழுதுகிறேன். எது எதிர்ப்பு என்பதை நானே சரியாக வாசிக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு உறைக்கிறது. இந்த இதழுக்கு எழுதும் இளைய தோழர்கள் தங்கள் அப்பன்மாரிடமும் ஆயாக்களிடமும் இதைக் கேளுங்கள். என்ன பிடித்தீர்கள், எப்படிக் காத்திருந்தீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். விட்டதைக் கட்டாயம் கேளுங்கள்.