பெயர் வைத்தவர்களும் பெயர் கெட்டவர்களும்

இந்தியாவில் மிக அதிகமாகத் திட்டப்பட்ட, மிகக் குறைவாகப் படிக்கப்பட்ட கட்டுரை எது என்று ஒரு போட்டி வைத்தால், என் ஓட்டு 2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸஸ்’ என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரைக்குத்தான். நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிற மாதிரி இதற்கும் ஒன்று எழுதிப் பார்க்கலாம். ஏனென்றால் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. தவிர, இதில் நீங்களும் நானும் பாத்திரங்கள்.

முதலில் முன்கதை. 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளி. இந்திய வம்சாவளி, வயது 59. டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் சிறுநீரில் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கிடைத்தது. அது அபூர்வமானதல்ல, ஆஸ்பத்திரிகளில் சகஜமாகத் திரிவதுதான். ஆனால் இது எந்த மருந்துக்கும் லேசில் மசியவில்லை. ஆராய்ந்து பார்த்ததில் அதற்குள் புதிதாக ஒரு ஜீன். அந்த ஜீன் தயாரிக்கும் என்சைம், ‘கார்பபெனம்’ வகை ஆன்ட்டிபயாடிக்குகளை நறுக்கிப் போட்டுவிடுகிறது. கார்பபெனம் என்பது மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு ஐ.சி.யூ. டாக்டர் பீரோவைத் திறந்து எடுக்கிற சமாசாரம். அதையே நறுக்கிப் போட்டால்?

2009-ல் இந்த என்சைமுக்குப் பெயர் சூட்டினார்கள்: நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1. சுருக்கமாக என்.டி.எம்-1. வம்பு இந்தப் பெயரிலிருந்து ஆரம்பம்.

இனி நம் கட்டுரை. முதல் ஆசிரியர் வெள்ளைக்காரர் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கூட பிரிட்டனிலிருந்து கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோதி வால்ஷ் முதலானவர்கள். இந்த ஜீன் கொண்ட பாக்டீரியாக்களைத் தேடிப் பார்த்ததில் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷின் மற்ற ஊர்களில் 73. ஆக 180. பெரும்பாலானவற்றுக்கு எதிராக வேலை செய்தவை இரண்டே மருந்துகள்: டைஜிசைக்ளின், கோலிஸ்டின். இந்த இரண்டாவது பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

கட்டுரையின் உண்மையான செய்தி எண்ணிக்கை அல்ல, அந்த ஜீன் உட்கார்ந்திருக்கும் இடம்தான். பெரும்பாலும் ‘பிளாஸ்மிட்’ என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தில் அது இருக்கிறது. பரீட்சை ஹாலில் ஒரு பையன் பக்கத்து பெஞ்சுக்கு பிட் பாஸ் செய்கிற மாதிரி, ஒரு பாக்டீரியா இந்த வளையத்தை இன்னொன்றுக்குத் தள்ளிவிடும். வாங்கிக்கொள்வது அதே ஜாதி பாக்டீரியாவாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. க்ளெப்சியெல்லா எழுதிய பிட்டை ஈ.கோலை காப்பியடிக்கும். ஒருவர் உடம்பில் கற்றுக்கொண்ட தப்பு ஊருக்கே பாடமாகிவிடும்.

இப்போது வரவேற்பைப் பார்ப்போம். கட்டுரை வெளிவந்த மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து மறுப்பு வந்துவிட்டது. இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கச் செய்த சதி என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. டி.வி.யில் நாட்டின் மானம் விவாதிக்கப்பட்டது. கோபத்தில் நியாயமே இல்லையா என்றால், இருந்தது. தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதல் புகார், பெயர். இந்த வகை என்சைம்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பது அந்தத் துறையின் பழக்கம். இத்தாலியின் வெரோனா பெயரில் ஒன்று, பிரேசிலின் சாவ் பாலோ பெயரில் ஒன்று, தென்கொரியாவின் சோல் பெயரில் ஒன்று உண்டு. ஆனாலும் ‘எல்லாரும்தான் சார் செய்யறாங்க’ என்பது ஒரு சமாதானம் ஆகாது. லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே 2011 ஜனவரியில், அந்தப் பெயர் வைத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். 2015-ல் உலக சுகாதார நிறுவனமும், புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் வைக்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்த ரவுண்டில் பாயின்ட் நமக்கு.

இரண்டாவது புகார், மருத்துவச் சுற்றுலா. பிரிட்டனில் இந்த பாக்டீரியா இருந்த 29 நோயாளிகளில் குறைந்தது 17 பேர் முந்தைய ஒரு வருடத்துக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் வந்தவர்கள். அதில் 14 பேர் இங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். விபத்து, பிரசவம், டயாலிசிஸ் என்று காரணங்கள் பல. அழகு சிகிச்சையும் உண்டு. இந்த எண்கள், கிருமி பயணம் செய்கிறது என்று காட்டப் போதும். ஆனால் கட்டுரை அதோடு நிற்காமல், ஆபரேஷனுக்கு இந்தியாவுக்கு அனுப்பிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளில் சொல்கிறார்களே, கடைசியில் செலவு கூடத்தான் ஆகும் என்கிற தொனியில் புத்தி சொல்கிறது. 14 பேரை வைத்துக்கொண்டு இது அதிகம். லேப்பில் இருக்கவேண்டிய ஆள் திடீரென்று திண்ணைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சில விளக்கங்கள் தனக்குத் தெரியாமல் எழுதப்பட்டவை என்று முதல் ஆசிரியரே அப்போது பத்திரிகைகளிடம் சொன்னார். பல ஆசிரியர்கள் சேர்ந்து எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரையில் அது சின்னக் குறை இல்லை.

சரி, ரெண்டு பாயின்ட் வாங்கிவிட்டோம். அப்புறம்?

அப்புறம்தான் சங்கடம். பெயரையும் சுற்றுலாப் பத்தியையும் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் படித்தால், சென்னையில் 44, ஹரியானாவில் 26 அப்படியேதான் இருக்கின்றன. அந்த மிச்சத்தைப் பற்றி டி.வி.யில் யாரும் பேசவில்லை.

சதி என்றவர்களுக்கு ஒரு தகவல். அந்தக் கட்டுரை வருவதற்கு ஐந்து மாதம் முன்பே, 2010 மார்ச்சில், இந்திய மருத்துவர்கள் சங்கத்தின் சொந்தப் பத்திரிகையான ‘ஜாப்பி’யில் மும்பை இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள் இதே விஷயத்தை எழுதியிருந்தார்கள். கார்பபெனத்துக்கு அடங்காத 24 பாக்டீரியாக்களைச் சோதித்ததில் 22-ல் என்.டி.எம்-1. அதே இதழில் சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர் ஒரு தலையங்கம் எழுதினார். அதன் தலைப்பே ஆன்ட்டிபயாடிக்குகளுக்கு ஓர் இரங்கல் குறிப்பு. எந்த அமைச்சகமும் மறுப்பு அனுப்பவில்லை. எந்த உறுப்பினரும் எழுந்து நிற்கவில்லை. நம் ஊர் டாக்டர் சொன்னால் செய்தியில்லை. வெளியூர் பத்திரிகை சொன்னால் சதி. இந்த இரண்டுக்கும் நடுவே விஷயம் காணாமல் போய்விட்டது.

2011 ஏப்ரலில் வால்ஷ் குழுவின் அடுத்த கட்டுரை, இந்த முறை டெல்லித் தண்ணீர். தெருவில் தேங்கிய, ஓடிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-ல் 2-லும் அந்த ஜீன் கிடைத்தது. அதாவது இது ஐ.சி.யூ. கதவுக்குள் அடைந்து கிடக்கிற பிரச்னை இல்லை. சாக்கடையும் குடிதண்ணீரும் சந்திக்கிற இடமெல்லாம் பிட் பாஸாகிக்கொண்டிருக்கிறது. இதற்கும் மறுப்பு வந்தது.

ஆனால் எல்லாரும் கோபத்தோடு நின்றுவிடவில்லை. 2012 ஆகஸ்டில் பல மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடின. முன்னின்றவர் அதே அப்துல் கஃபூர். ‘சென்னைப் பிரகடனம்’ என்று அதற்குப் பெயர். ஊர்ப்பெயர் வைக்கலாம் என்றால் இப்படி ஒரு காரியத்துக்கு வைக்கலாம். ஏட்டில் மட்டும் அழகாக இருக்கிற சட்டம் வேண்டாம், இந்தியாவில் நடைமுறைக்கு வரக்கூடியதைச் சொல்வோம் என்பது அதன் சாரம். 2014 மார்ச்சிலிருந்து ‘ஷெட்யூல் எச்1’ அமலுக்கு வந்தது. கார்பபெனம் உட்பட 46 மருந்துகளுக்கு, யார் எழுதிக் கொடுத்தது, யார் வாங்கியது என்று மருந்துக்கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இப்போது நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயர். கோலிஸ்டின்.

இது 1950-களின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். என்.டி.எம்-1 மாதிரி கிருமிகள் வந்தபின், வேறு வழியில்லாமல் ரிட்டையரானவரைக் கூப்பிட்டு மறுபடி வேலை கொடுத்தோம். டைஜிசைக்ளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் போதுமான அளவு சேராது என்பதால் பல நோயாளிகளுக்குக் கோலிஸ்டின்தான் கதி. வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் அது சும்மா இருக்கவில்லை. பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. நோய்க்கு மட்டுமல்ல, சீக்கிரம் எடை கூடுவதற்காகவும். கொஞ்சம் கொஞ்சமாக, தினம் தினம். பாக்டீரியாவுக்கு ஒரு மருந்தைப் பழக்கிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல டியூஷன் கிடையாது.

2015 நவம்பரில் அதே லான்செட் இதழில் சீன ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை வந்தது. கூட்டாளிகளில் ஒருவர் நமக்குத் தெரிந்த அதே திமோதி வால்ஷ். கோலிஸ்டினை எதிர்க்கும் ஜீனும் பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது என்றார்கள். சோதித்த 804 விலங்குகளில் 166-ல், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-ல், ஆஸ்பத்திரி நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடம். வரிசையைக் கவனியுங்கள். பண்ணையில் அதிகம், கறிக்கடையில் அடுத்து, ஆஸ்பத்திரியில் கொஞ்சம். கிருமி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஊகிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை. ஜீனின் பெயர் எம்.சி.ஆர்-1. இந்தத் தடவை ஊர்ப்பெயர் இல்லை. புத்தி வந்திருந்தது.

சீனா செய்தது என்ன? 2017-ல் எடை கூட்டுவதற்குத் தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதைத் தடை செய்தது. பின்னால், 2020-ல் வெளியான ஆய்வின்படி, பன்றிகளிடம் கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ.கோலை 2015-16-ல் 34 சதவிகிதமாக இருந்தது, 2017-18-ல் 5 சதவிகிதமாக இறங்கியிருந்தது. குவாங்ஜோ நகரில் அந்த ஜீனைக் குடலில் சுமந்த மனிதர்கள் 2016-ல் 14.3 சதவிகிதம், 2019-ல் 6.3. தடைக்கு முன், தடைக்குப் பின் என்று ஒப்பிடுகிற ஆய்வுகளில் எப்போதும் கொஞ்சம் சந்தேகம் வைக்கவேண்டும், வேறு காரணங்களும் புகுந்திருக்கலாம். ஆனாலும் மூன்று நான்கு வருடத்தில் இவ்வளவு இறக்கம் என்பது இந்தத் துறையில் அபூர்வமான நல்ல செய்தி. தீவனத்தில் நிறுத்தினால் மனிதக் குடலில் குறைகிறது.

இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. என்.டி.எம் கட்டுரை வந்து ஒன்பது வருடம் கழித்து. 2010-லேயே அதில் தெளிவாக எழுதியிருந்தது, மிச்சம் இரண்டு மருந்து, அதில் ஒன்று கோலிஸ்டின் என்று. பெயருக்காகப் போட்ட சண்டையில் பாதியை இதற்காகப் போட்டிருந்தால், அந்த மருந்து அத்தனை நாள் கோழித் தீவனத்தில் கிடந்திருக்காது. அந்தக் கட்டுரையைப் பற்றிய என் விமர்சனம் இதுதான்: அதில் குறைகள் உண்டு, நாம் படித்த விதத்தில் அதைவிடப் பெரிய குறை.

பயமுறுத்தி முடிக்க விருப்பமில்லை. நிலைமை 2010-ஐவிடக் கொஞ்சம் தேவலை. என்.டி.எம் கிருமிகளைக் குறிவைக்கக்கூடிய அஸ்ட்ரியோனாம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்துக்கு 2024-ல் ஐரோப்பாவிலும் 2025-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது 2022-ல் லான்செட்டில் வந்த கணக்கு. புது மருந்தையும் பழையபடியே புழங்கினால் பாக்டீரியா அதற்கும் பிட் தயாரித்துவிடும்.

அதனால் இந்த வாரம் ஒரு சின்ன வேலை. வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து, மிச்சம் வைத்த மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் வாங்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது என்று அர்த்தம். போன வருஷம் மாமாவுக்குக் கொடுத்ததை இந்த வருஷம் பையனின் சளிக்குக் கொடுக்காதீர்கள். சளி, ஃப்ளூவெல்லாம் வைரஸ், இந்த மாத்திரை அதைத் தொடக்கூட தொடாது. அடுத்த தடவை டாக்டர் எழுதிக்கொடுக்கும்போது, “இது ஆன்ட்டிபயாடிக்கா சார்? கட்டாயம் வேணுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேண்டாம் என்று அவர் சொன்னால், நீங்களும் கோபித்துக்கொண்டு வேறு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.