மஞ்சள் பையும் பாபநாசப் படித்துறையும்

2019 சனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. துணிப்பை தூக்குவது நாகரிகமாகிவிட்டது. நல்லதுதானே என்பீர்கள். சற்றுக் கணக்குப் பாருங்கள். பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். ஆகவே, காலநிலை மாற்றத்தை மட்டும் கருதினாலும், பருத்திப் பை ஒன்றை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்கிறது டென்மார்க் அரசு 2018-இல் வெளியிட்ட ஆய்வு. கலியாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த பைகள் உங்கள் வீட்டில் எத்தனை தூங்குகின்றன?

இனி, விக்கிரமசிங்கபுரத்தை அடுத்த பாபநாசத்துக்கு வாருங்கள். நீராடியவர்கள் உடுத்திய துணியைப் பரிகாரமென்று தாமிரபரணியில் விட்டுச் செல்கிறார்கள். அவர்கள் கையிலும் மஞ்சள் பை இருக்கலாம்! பருத்தித் துணியானால் நாளடைவில் மட்கும். இன்றைய சேலையிலும் சட்டையிலும் பாலியெஸ்டர் கலப்பே மிகுதி, அதுவும் பிளாஸ்டிக்தான். பாறையிடுக்கில் சிக்கி, நுண்ணிழைகளாகப் பிரிந்து, நாம் குடிக்கும் ஆற்றிலேயே கலக்கிறது. நூலாலையால் வளர்ந்த ஊருக்கு இழையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

பை மாறியது, கடையில் பழைய பை கிடைக்காததால். துணி விடுவதை நிறுத்த அப்படியொரு தடங்கல் இல்லை. ‘ஆற்றைக் காப்போம்’ என்ற பலகையைப் படித்துக்கொண்டே விடுகிறோம். படியருகே ஒரு தொட்டியை வைத்து, “இதில் போட்டாலும் பரிகாரம்தான்” என்று அர்ச்சகர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேராவது கேட்பார்கள் என்பது என் எண்ணம்.