காட்டுக்கோழிக் கண் வைத்த டன்கெல்ட்

டன்கெல்ட் ஸ்காட்லாந்து மரபில் வந்த ஒரு வெட் ஃப்ளை. ட்ரவுட் மீனைப் பிடிப்பதற்காக இறகு, சரிகை, நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டிச் செய்யும் பொய் இரை இது. நீரின் மேல் மிதக்காது. சில அங்குலம் இறங்கி உள்ளே நீந்தும். டே ஆற்றங்கரையில் பெர்த்ஷயர் பகுதியிலுள்ள டன்கெல்ட் என்னும் சிற்றூரின் பெயரே இதற்கும் அமைந்தது. முதலில் சால்மன் மீனுக்காகப் பெரிய முள்ளில் கட்டப்பட்டு, பிறகு ட்ரவுட்டின் வாய்க்கு ஏற்பச் சிறுத்தது. தங்கநிற உடல், ஆரஞ்சுக் கழுத்து, பொடிப்புள்ளி கொண்ட பழுப்புச் சிறகு, மேலே வளைந்த மஞ்சள் வால், சிறகின் இரு பக்கத்திலும் வெளிறிய ஒரு கண். அந்தக் கண் விருதுநகர் மாவட்டத்துக்குப் பழக்கமானது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலையடியில் விடியற்காலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு அது.

முள்ளில் இறகு கட்டும் பழக்கம் மிகப் பழையது. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெதோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் மீன் பிடித்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி, அதன்மேல் சேவலின் தாடைத் தொங்குசதைக்கு அடியில் முளைக்கும் மெழுகுநிற இறகு இரண்டு. இதுவே அவர்களுடைய ஃப்ளை. இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் ஒன்று 12 ஃப்ளைகளின் கட்டுமுறையைச் சொல்கிறது. அதற்குப் பின் வந்த வெட் ஃப்ளைகள் இரண்டு குலமாகப் பிரிந்தன. ஒரு குலம் குறிப்பிட்ட பூச்சியைப் போலவே தோன்ற முயல்வது. 1854இல் ட்வீட் ஆற்றங்கரையில் பிறந்த கிரீன்வெல்ஸ் குளோரி அந்த வகை. மற்றொரு குலம் எந்தப் பூச்சியையும் போலச் செய்யாமல், ஒளியாலும் நிறத்தாலும் மீனைச் சீண்டிக் கடிக்க வைப்பது. டன்கெல்ட் இந்த இரண்டாம் குலத்தின் அழகான பிள்ளை. சின்னஞ்சிறு மீன்குஞ்சின் சாயல் அதற்கு உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் அது எதன் நகலும் இல்லை.

சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரங்களிலும் அதையொட்டிய காடுகளிலும் வாழ்கிறது. வீட்டுக்கோழியின் முதல் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் நாட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் கால் நிறத்துக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. சேவலின் கழுத்து இறகைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் விசேஷம் புரியும். அடிப்பக்கம் கறுப்பு, விளிம்பு சாம்பல், நடுவே வெளிறிய தண்டு. நுனியை நெருங்கும்போது தண்டு அகன்று, இழைகள் பிரியாமல் ஒன்றாக இணைந்து, மெழுகுப் பளபளப்புள்ள ஒரு தகடாகிவிடுகிறது. மேல்துளி வெண்மை, நுனித்துளி மஞ்சள் கலந்த செம்மை. பூசிய நிறமல்ல, இறகின் பொருளே அந்த இடத்தில் மாறியிருக்கிறது. அதனால்தான் நனைந்தாலும் மங்குவதில்லை. மற்ற இறகெல்லாம் நீரில் சுருங்கிக் கறுக்கும்போது இந்தத் தகடு மட்டும் உலர்ந்தபோது இருந்த வெளிச்சத்தோடே நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான உதிர்காலத்தில் சேவல் இந்தக் கழுத்தணியை இழந்து மங்கலான இறகோடு திரியும். பிறகு மறுபடி முளைக்கும்.

இந்த அழகுக்கு அந்தப் பறவை கொடுத்த விலை அதிகம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து சால்மன் ஃப்ளை கட்டுபவர்களுக்காகக் கழுத்துத் தோல்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறின. பிறகு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவையைக் காக்கிறது. உலக வணிகமும் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் அதன் இருப்பிடமான மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அங்கே ஓர் இறகைக்கூட எடுக்கக் கூடாது, எடுக்கத் தேவையும் இல்லை. வெளிநாடுகளில் இறகுக்காகவே வளர்க்கப்படும் காட்டுக்கோழிகளின் கழுத்துத் தோல் முறைப்படி விற்கப்படுகிறது. சாதாரண இறகின்மேல் எனாமல் புள்ளி வைத்த மாற்றும், அச்சிட்ட பிளாஸ்டிக் மாற்றும் உண்டு. மாற்றுக் கண்ணையும் மீன் கடிக்கும். இருந்தும் அசலின் ஆழம் மாற்றில் வராது. ஒளி அசலுக்குள் சற்றே புகுந்து திரும்புகிறது, மாற்றின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது.

கட்டுவதற்கு 10ஆம் எண் முள் சௌகரியம். எண் கூடக்கூட முள் சிறுக்கும்; 14 வரை கட்டலாம். வெட் ஃப்ளைக்குச் சற்றுக் கனத்த கம்பியில் செய்த முள்தான் பொருத்தம், அதன் எடையே ஃப்ளையை நீருக்குள் இறக்கும். முள்ளின் வளைவை வைஸ் என்னும் பிடிகருவியில் கவ்வ வைத்து, கால் கிடைமட்டமாக நிற்கும்படி திருகுவது முதல் வேலை. மெழுகு தடவிய மெல்லிய கறுப்பு நூலை முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கி, சுற்றோடு சுற்று ஒட்டும்படி வளைவு வரை கொண்டுபோக வேண்டும். காதுக்குப் பின்னால் விடும் அந்தச் சிறு இடைவெளியைத் தொடக்கத்தில் மறந்தவருக்குக் கடைசியில் தலை கட்ட இடமிருக்காது. நூலின் இழுவைதான் இந்தக் கலையின் பாதி. சிவகாசிப் பக்கத்தில் சரவெடி பின்னுகிறவரின் விரல் அறிந்திருக்கும் இழுவை அது: தளர்ந்தால் வெடி உதிரும், மிஞ்சினால் திரி நசுங்கும்.

வாலுக்கு, தங்கநிற ஃபெசண்ட் பறவையின் கொண்டையிலிருந்து ஒரே ஓர் இறகு. அதன் இயல்பான வளைவு மேல்நோக்கி அமைய வேண்டும். தண்டு உருண்டையாக இருப்பதால் கட்டும்போது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். நகத்தால் அடியை நசுக்கித் தட்டையாக்கினால் அடங்கும். அடுத்து மெல்லிய தங்கக் கம்பியை முள்ளின் அடிப்பக்கமாகக் கட்டிவிட்டு நூலை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். உடலுக்கான தட்டைச் சரிகையை வால் பக்கம் கட்டாமல் தலைப்பக்கம் கட்டி, அங்கிருந்து வால் வரை சுற்றிப்போய், திரும்பச் சுற்றி வர வேண்டும். இரட்டை அடுக்கில் வால் பக்கத்து முடிச்சு மேடே இல்லாமல் மறைந்துவிடுகிறது. உடல் ஒரே வார்ப்பில் செய்தது போல வழவழப்பாகிறது. பழைய கைகளின் நுணுக்கம் இது, இன்றும் இதற்கு ஈடான வேறு வழியில்லை. ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறிவிட்டால் அவிழ்த்து மறுபடி சுற்றுவதே முறை, ஏனென்றால் தங்கத்தில் எந்தத் தவறையும் மறைக்க முடியாது.

ஆரஞ்சுச் சாயமேற்றிய சேவல் இறகைக் கட்டுவதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. உடல் முழுக்க இடைவெளிவிட்டுப் பின்னோக்கிச் சுற்றி, அதன்மேல் தங்கக் கம்பியை எதிர்த்திசையில் முன்னோக்கிச் சுற்றிப் பூட்டுவது ஒன்று. தொண்டைக்குக் கீழே தாடிபோல மட்டும் கட்டுவது மற்றொன்று. அப்போது கம்பி உடலின்மேல் சீரான கோடுகளாகப் போகும். படகிலிருந்து ஏரியில் வீசுவதற்கு முதல் வகை சிறந்தது, அந்த ரோமங்கள் நீர்ப்பரப்பைக் கலைத்து மீனைக் கூப்பிடும். ஓடும் ஆற்றுக்குத் தாடி போதும். உடலின் தங்கம் அதில் மறையாமல் தெரிகிறது.

சிறகுதான் கையைச் சோதிக்கும் இடம். மல்லார்ட் ஆண் வாத்தின் தோள்பட்டைப் பழுப்பு இறகில், இடப்பக்கத்து இறகிலிருந்து ஒரு கீற்றும் வலப்பக்கத்திலிருந்து ஒரு கீற்றும் ஒரே அகலத்தில் எடுத்து, நுனிகள் சேரும்படி பொருத்த வேண்டும். இந்த இழைகள் சட்டென்று பிரிந்துபோகும் சுபாவமுள்ளவை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சிறகையும் முள்ளையும் சேர்த்துக் கவ்வியிருக்க, அந்த விரல்களுக்கிடையில் நூலைத் தளர்ந்த வளையமாக மேலே கொண்டுபோய், பிடியை விடாமல் நேர்கீழாக இழுத்தால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கி உட்காரும். பிடி ஒரு கணம் தளர்ந்தால் சிறகு எதிர்ப்பக்கம் உருண்டுவிடும். சிறகு உடலின்மேல் தாழப் படிந்து, முள்ளின் வளைவைத் தாண்டாமல் நிற்பது அழகு.

கண்கள் கடைசியில் வருகின்றன. கழுத்துத் தோலின் மேற்பகுதியிலுள்ள சிறிய இறகுகளில் அளவொத்த இரண்டை எடுத்து, அடிப்பஞ்சை உருவிவிட்டு, சிறகின் இரு பக்கமும் முன்பகுதியோடு ஒட்டிப் படியும்படி வைக்க வேண்டும். வெண்துளி சிறகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தால் போதும். பெரிய கண் வைத்த டன்கெல்டில் கண் மட்டுமே தெரியும், ஃப்ளை காணாமல் போகும். கண் வைத்த பிறகு தண்டை முன்னோக்கி நீட்டி, மடக்கிப் பின்னே கொண்டுவந்து அதன்மேல் சில சுற்றுப் போட்டால், மீனின் பல்லில் மாட்டினாலும் உருவி வராது. தலையைச் சிறிதாக முடித்து, நூலின் நுனி சுற்றுகளுக்கடியில் புதையும் முடிச்சைப் போட்டு, இரண்டு முறை வார்னிஷ் வைத்தால் வேலை முடிந்தது. வைஸில் நிற்கும் டன்கெல்டை விட நீரில் நனைந்ததே உண்மையான டன்கெல்ட். ஒரு கண்ணாடித் தம்ளரில் முக்கிப் பார்த்தால், ஆரஞ்சு ரோமங்கள் உடலோடு படிந்து அவற்றுக்குள்ளிருந்து தங்கம் கசிவதும், சிறகு ஒடுங்கிய பின்னும் கண்கள் தெளிந்து நிற்பதும் தெரியும்.

ட்ரவுட் குளிர்ந்த, பிராணவாயு மிகுந்த நீரில் வாழும் மீன். நீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினால் வாடும். விருதுநகர்ச் சீமையின் கண்மாய்களில் விராலும் கெளுத்தியும் உண்டு, தக்கையும் மண்புழுவும் அங்கே போதும். சென்னை மாகாணத்து ஆட்சிப்பணி அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் அந்தக் கண்மாய்த் தூண்டிலைப் பற்றியே 1887இல் தனி நூல் எழுதினார். ட்ரவுட்டுக்கோ தமிழ்நாட்டில் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே 1863இல் ஃபிரான்சிஸ் டே செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. 1907இல் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் ட்ரவுட் நிலைத்தது. 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் புல்வெளிகளுக்கிடையே சோலைகளிலிருந்து வழியும் ஓடைகளுமே பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் அந்த மீனைக் காப்பாற்றுகின்றன. மீன்வளத்துறை, வனத்துறை விதிகளுக்கு உட்பட்டே அங்கே தூண்டில் வீச முடியும்.

ஓடும் நீரில் டன்கெல்டை எதிர்க்கரையை நோக்கி, நீரோட்டத்துக்குக் குறுக்கே சற்றுக் கீழ்ப்புறமாக வீச வேண்டும். நடு ஆற்றின் வேகம் தூண்டில் கயிற்றை வில்லாக வளைக்கும். உடனே கோலின் நுனியால் அந்த வளைவை மேல்நீர்ப்பக்கம் தூக்கிப்போட்டால் ஃப்ளையின் ஓட்டம் நிதானப்படும். பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கயிறு இறுகி, ஃப்ளை வளைந்து தன் கரைப்பக்கம் வந்து சேரட்டும். அந்த வளைவு முடிகிற இடத்தில், ஃப்ளை நின்று மேலெழத் தொடங்கும் நொடியில்தான் பெரும்பாலான கடிகள் விழுகின்றன. நீரிலிருந்து மேலே வரும் பூச்சியின் அசைவு அது. அவசரப்பட்டுக் கோலை வெட்டி இழுத்தால் முள் மீனின் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கயிறு இறுகியிருப்பதால் மீன் திரும்பும்போது தானாகவே கொளுவிக்கொள்ளும். கோலை நிதானமாக உயர்த்தினால் போதும்.

ஏரியில் காற்றோடு நகரும் படகிலிருந்து ஒரே நரம்பில் மூன்று ஃப்ளை கட்டி வீசுவது ஸ்காட்லாந்து வழக்கம். உடல் முழுக்க ரோமம் சுற்றிய டன்கெல்டைப் படகுக்கு நெருங்கிய கிளைநரம்பில் கட்டி, இழுத்து முடிக்கும்போது கோலை உயர்த்தி, அலையின் மேல்தோலில் சற்று நேரம் நிறுத்தி வைப்பார்கள். பின்னாலேயே வந்த மீன் அங்கேதான் முடிவெடுக்கும். கலங்கிய நீரிலும், மட்கிய இலைச்சாறு இறங்கிப் பழுப்பேறிய நீரிலும் இந்த ஃப்ளைக்கு இணையில்லை. நீர் ஆழத்தில் ஆரஞ்சும் சிவப்பும் முதலில் மங்கும் என்பது உண்மைதான். வெட் ஃப்ளை நீந்துவது மேல்மட்டத்து இரண்டடிக்குள் என்பதால் அந்தக் குறை இதைத் தொடுவதில்லை.

பயன்படுத்திய டன்கெல்டை ஈரத்தோடு டப்பாவில் மூடினால் முள்ளில் துருவும் சரிகையில் கறுப்பும் ஏறும். நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்தி வைப்பது நல்லது. காட்டுக்கோழித் தகடு நீளவாக்கில் பிளந்துகொள்வது வழக்கம். இறகின் உட்பக்கத்தில் ஊசிநுனியளவு வார்னிஷ் வைத்து, விரலால் சேர்த்துப் பிடித்தால் பிளவு மூடிக்கொள்ளும்.