குறவன் குறத்தி ஆட்டமும் கேலியின் கணக்கும்

தென் மாவட்டக் கோயில் விழாக்களில் கரகாட்டத்தின் தொடக்கம் முழுக்கத் திறமைக்கு உரியது. நாதசுரமும் தவிலும் பம்பையும் சேர்ந்த நையாண்டி மேளம் முழங்கும். ஆடுபவர் தலையில் இருக்கும் செம்பு அசையாது. அதோடு ஏணியில் ஏறுவார், தட்டின் விளிம்பில் நின்று சுற்றுவார், தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பார். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் உள்ள சோழபுரம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரையுள்ள ஊர்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்காலம் செட்டு எனப்படும் இத்தகைய ஆட்டக் குழுக்களுக்கு வேலை கிடைக்கும் காலம். நள்ளிரவை நெருங்க நெருங்க ஆட்டத்தின் தன்மை மாறும். கரகம் ஓரமாக இறக்கி வைக்கப்படும். கோமாளி வருவார். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். ஆட்டத்தின் இந்தப் பகுதியில் நீண்ட காலமாக இடம்பெற்று வந்ததுதான் குறவன் குறத்தி ஆட்டம்.

2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பழங்குடி மக்களை இழிவுபடுத்தும் ஆபாச ஆட்டங்கள் நடக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு மார்ச்சில் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை விதித்து அரசாணை வெளியிட்டது. அரசின் நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்தும் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்களின் வாதம் எளிமையானது: ஆடுபவர்கள் குறவர்கள் அல்லர், ஆட்டம் குறவர்களின் கலையும் அல்ல, பெயர் மட்டும் அவர்களுடையது.

ஆட்டத்தை உற்றுப் பார்த்தால் இந்த வாதத்தின் வலு தெரியும். மேடைக் குறத்தியின் கழுத்தில் கிடப்பது ஊசிமணி, பாசிமணி. குறவனின் தோளில் இருப்பது குருவி சுடும் துப்பாக்கி. இரண்டும் நரிக்குறவர்களின் அடையாளங்கள். நரிக்குறவர்கள் வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரியக் குடும்ப மொழியைப் பேசுபவர்கள். தமிழ் பேசும் குறவர்களோடு அவர்களுக்கு உறவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு சமூகத்தின் உடையையும் இன்னொரு சமூகத்தின் பெயரையும் சேர்த்து, இரண்டுமே அல்லாத ஓர் உருவத்தை மேடை உண்டாக்கியது. சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. 1968இல் வந்த ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இந்த வேடத்தில் ஆடிய ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது. அதில் ஆபாசம் இல்லை. ஆனால் வேடம் போட்டவுடனே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடும் என்னும் பழக்கம் வேரூன்ற அத்தகைய காட்சிகளும் உதவின.

பழைய குறத்தி இப்படி இல்லை. சோழபுரத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் வரும் குற்றாலத்தை வைத்து, 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியில் குறத்திதான் பேச்சில் வல்லவள். அவள் தன் மலையின் வளத்தைச் சொல்வாள், போன ஊர்களைச் சொல்வாள். காதலில் வாடும் தலைவி அவள் முன் கை நீட்டிக் குறி கேட்பாள். குறி சொல்லிப் பரிசு வாங்கிப் போன குறத்தி சிங்கியைத் தேடி வரும் கணவன் சிங்கன் அவளது நகைகளைக் கண்டு கேள்வி கேட்பதும், அவள் மடக்கி மடக்கிப் பதில் சொல்வதும் அந்த நூலின் நகைச்சுவைப் பகுதி. சிருங்காரம் அங்கும் உண்டு. சொல்லில் ஜெயிப்பது குறத்தி. கேள்வி பதிலாக நடக்கும் அதே அமைப்பு தெரு ஆட்டத்திலும் தொடர்ந்தது. ஆனால் ஜெயிக்கும் இடம் குறத்தியிடமிருந்து பறிபோனது. இடுப்பையும் உடையையும் பற்றி ஆண் பேச, பெண் அதற்கு இடம் கொடுப்பதே நகைச்சுவை என்று ஆனது.

இந்த மாற்றத்துக்கு ஆடுபவர்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமல்ல. கரகாட்டப் பெண்களில் பெரும்பாலோர் ஏழைகள். பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். ஆண்டில் சில மாதங்களே வேலை. எந்தச் செட்டு வேண்டும், எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பதை அச்சாரம் கொடுக்கும் விழாக் குழு முடிவு செய்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு முன்வரிசையில் இருப்பவர்கள் ஆண்கள். அவர்களில் குடித்தவர்களும் இருப்பார்கள். ரூபாய் நோட்டை ஆடுபவரின் ரவிக்கையில் குத்தும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. நோட்டு குத்தும் கையைத் தட்டிவிடும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இல்லை. தட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அந்த ஊர் அழைக்காது. மேடையில் நிற்பவர் பேசுகிறார் என்பதால் பேச்சு அவருடையது என்று கொள்ள முடியாது. காசு கொடுப்பவர் கேட்க விரும்புவதைத்தான் அவர் பேசுகிறார்.

ஸ்பெஷல் நாடகத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களுக்கு, ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து, ஒத்திகையின்றி ஓர் இரவு முழுக்க நடத்தும் முறை அது. மதுரையும் புதுக்கோட்டையும் அதன் முக்கிய மையங்கள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் நாடகத்தில் முதல் பகுதி கோமாளியான பபூனுக்கும் டான்ஸ் பெண்ணுக்கும் உரியது. மதுரை நாடக நடிகர்களோடு நெடுங்காலம் பழகி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீசர், 2005இல் வெளியான தம் நூலில் இந்தப் பகுதியை விரிவாக அலசியிருக்கிறார். தெருவில் வரும் பெண்மீது பபூன் மோதுவதில் தொடங்கும் சண்டை, கணவன் மனைவி அடிதடி என இன்றும் தொடரும் வழக்கமான காட்சிகளில், பொது இடத்துக்கு வந்த பெண் எதற்கும் துணிந்தவள் என்னும் ஊரின் எண்ணமே சிரிப்பாக மாறுகிறது. அந்த எண்ணத்தால் மேடைக்கு வெளியிலும் அவமானப்படுபவர் அதே நடிகைதான். பேருந்தில் சாதாரணப் பயணியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒப்பனை இன்றி, அடக்கமாக உடுத்திப் பயணம் செய்யும் நடிகைகளைப் பற்றியும் சீசர் எழுதியிருக்கிறார். சிரிக்க வைத்த வேலைக்கான விலையைப் பபூனைவிட அதிகமாகக் கொடுப்பவர் அந்த நடிகைதான்.

மேலே இருப்பவர்களை நோக்கிய கேலி தமிழ் மேடைக்குப் புதிதல்ல. வட மாவட்டத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் துரியோதனனை அவன் முகத்துக்கு நேரே கிண்டல் செய்வார். தென்கோடியில் மராத்தி பேசும் கணிகர் நடத்தும் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயண அரண்மனைக்குள் புகுந்து, மன்னர்களின் பேச்சுக்கு நடுவே ஊர் நடப்பைப் பேசுவார்கள். இங்கும் ஒரு முள் உண்டு. குடும்பன் என்பது உழவுத் தொழிலில் இருந்த ஒரு சமூகத்தாரின் பட்டப் பெயர். கோமாளிக்குப் பெயர் தேடும்போது கை அங்கேதான் போயிருக்கிறது. ஆனாலும் அந்தப் பாவை அடிவாங்குவதோடு நிற்பதில்லை. அரசனையும் மந்திரியையும் கேள்வி கேட்கிறது. மேடைக் குறவனுக்குக் கேள்வி கேட்க யாரும் இல்லை. அவன் திருடுவான், குடிப்பான், மனைவியைச் சந்தேகப்படுவான். பார்வையாளரைவிட மேலே இருக்கும் எவரையும் அவன் தொடுவதில்லை. இந்த ஆட்டத்தின் பெரிய குறை இதுவே. ஆபாசம் இதற்கு அடுத்தபடிதான்.

மேடைத் திருட்டுக்குப் பின்னால் சட்டத்தின் வரலாறு இருக்கிறது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர்களும் அதில் சிக்கினார்கள். பிறப்பையே குற்றமாகக் கருதிய அந்தச் சட்டம் நாடு முழுக்க 1952இல் நீங்கியது. காவல் நிலையங்களின் பழக்கம் நீங்கவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, திருட்டு வழக்கில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே சித்திரவதையில் இறந்தார். அவர் குறவர். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய அந்த வழக்குதான் 2021இல் வந்த ‘ஜெய்பீம்’ படத்துக்கு மூலம். திருவிழாக் கூட்டம் குறவன் வேடத்தைப் பார்த்துத் திருடன் என்று சிரிப்பதும், காவலர் குறவரைப் பார்த்துத் திருடன் என்று பிடிப்பதும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன.

புண்படுதலுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை அதே படத்தில் காணலாம். படத்தில் பாதிக்கப்படுபவர்கள் இருளர்களாகக் காட்டப்பட்டார்கள். கொடுமை செய்யும் காவல் அதிகாரியின் வீட்டில் தொங்கிய நாட்காட்டியில் வன்னியர் சங்கச் சின்னமான அக்னி கலசம் இருந்ததற்கு வன்னியர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. சில நாட்களிலேயே நாட்காட்டியில் இருந்த அந்தச் சின்னம் மாற்றப்பட்டது. படம் வெளியான மாதமே இயக்குநர் த.செ. ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். அந்த எதிர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். கட்சியும் சங்கமும் வாக்கும் உள்ள சமூகம் வருத்தப்பட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் கிடைக்கிறது. குறவர்கள் தங்கள் பெயரை ஊர் ஊராக நள்ளிரவு மேடைகளில் கேட்டுக்கொண்டே வாழ்ந்து, நீதிமன்றத்துக்குப் போய், ஓர் அரசாணை பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. புண்படுவது எல்லோருக்கும் பொது. அதைப் பிறர் கேட்கும்படி செய்யும் வலிமை பொதுவாக இல்லை.

தடை இந்த அநீதியில் ஒரு பகுதியைச் சரிசெய்தது. குறவர் என்ற பெயர் இனி விளம்பரத் தட்டியில் வரக் கூடாது; அதை எதிர்ப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. ஆனால் தடையின் சுமை விழுந்தது கரகாட்டக் கலைஞர்கள்மீது. கலைப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கிய அரசு, அந்தப் பெயரில் ஆடிப் பிழைத்தவர்களுக்கு வேறு வேலைக்கு வழி சொல்லியிருக்க வேண்டும். அச்சாரம் கொடுத்து அந்தப் பேச்சைக் கேட்டு வாங்கிய விழாக் குழுவுக்கும், முன்வரிசையில் நின்று நோட்டு குத்தியவர்களுக்கும் எந்தக் கேள்வியும் வரவில்லை. வலுவற்ற இரண்டு தரப்புகளுக்கு இடையிலான வழக்காக இது முடிந்தது. வேடத்தின் பெயரை மட்டும் மாற்றி அதே பேச்சு தொடர்ந்தால், குறவர்களுக்கு நிம்மதி கிடைக்கலாம். ஆடும் பெண்ணுக்கு எதுவும் மாறாது.

அடுத்த பங்குனிக்குச் செட்டு பேசப் போகும் விழாக் குழுக்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். கரக வித்தைக்குக் கூடுதல் நேரமும் அதற்கேற்ற கூலியும் பேசி முடிவு செய்யலாம். ஆடுபவர்மீது கை வைக்கவோ நோட்டு குத்தவோ கூடாது என்று மேடையிலேயே அறிவித்து, அதை மீறுபவரை வெளியேற்றலாம். கோமாளியிடம் எந்தச் சாதிப் பெயரையும் எடுக்காமல், ஊராட்சியையும் கந்துவட்டிக்காரரையும் விழாக் குழுவையும் கிண்டல் செய்யும்படி கேட்கலாம். மூன்றாவதுதான் கடினம். தங்கள் தலைவரைக் கிண்டல் செய்த கோமாளிக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கும் குழு எதுவோ, அந்த ஊரில்தான் இந்தக் கலை மரியாதையோடு பிழைக்கும்.